சின்னக் கால்களுக்கு ஒரு தலைநகரம்

கைக்குழந்தையோடு ஒரு நாளை மலிவாகக் கழிக்க திருவனந்தபுரத்தில் இடங்கள் ஏராளம். ஆனால் தென்கோடித் தமிழர்களில் பலரை அங்கே இழுத்துச் செல்வது உல்லாசம் மட்டுமல்ல.

காலையில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில் தம்பானூரில் நின்றதும், பிளாட்பாரத்தில் இறங்கும் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். ஒரு சாராரின் கையில் டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில், தோளில் தூங்கும் குழந்தை. இன்னொரு சாராரிடமும் அதே டிபன் கேரியர், அதே பாட்டில், அதேபோல ஒரு குழந்தை. கூடவே பிளாஸ்டிக் உறைக்குள் எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டுகளும் அடங்கிய ஒரு ஃபைல். முதல் கூட்டம் மியூசியம் வழியாகப் போகும் பஸ்ஸைத் தேடுகிறது. இரண்டாவது கூட்டம் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸை. பல நாட்களில் இரண்டும் ஒரே குடும்பம்தான். காலையில் ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் மிருகக்காட்சி சாலை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு 1956 நவம்பர் 1 வரை இதுதான் தலைநகர். மொழிவழி மாநிலப் பிரிவினையில் அரசுக் கோப்புகள் சென்னைக்குப் போயின. கால்கள் போகவில்லை. சென்னை ஒரு ராத்திரி முழுக்க ரயில் பயணம்; திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். 1979-ல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி ரயில் பாதை திறந்த பிறகு அந்தத் தூரமும் சுருங்கிவிட்டது. 1985-ல் வண்டலூரில் தமிழகத்தின் பெரிய மிருகக்காட்சி சாலை வந்தபோதும் தெற்கத்திக் குழந்தைகளுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புலி, பாடப்புத்தகப் புலிக்குச் சமம். நாகர்கோவில், மார்த்தாண்டம், ஏன், திருநெல்வேலிக் குழந்தைகள்கூடப் பலரும் தங்கள் முதல் சிங்கத்தைப் பார்த்தது திருவனந்தபுரத்தில்தான்.

சுற்றுலாப் பிரசுரங்கள் காட்டும் திருவனந்தபுரம் வேறு. கோவளம் ரிசார்ட், எண்ணெய்த் தேய்ப்பு, பூவாறில் படகு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம். அதற்கு வேண்டியது ஓடி ஏற ஒரு சரிவு, கை நீட்டிக் காட்ட ஒரு விலங்கு, வாய் பிளந்து பார்க்க ஒரு விமானம், பசித்தால் சூடாக ஏதாவது, தூங்க ஒரு மரநிழல். இவற்றில் பெரும்பாலானவற்றை இந்த நகரம் சும்மாவோ சில பத்து ரூபாய்க்கோ தந்துவிடுகிறது. பாதி மகாராஜாக்கள் விட்டுச் சென்றது. மீதி அரசும் கூட்டுறவுச் சங்கமும் சேர்த்தது.

முதல் புலி

உள்ளூர்க்காரர்கள் மொத்த வளாகத்தையும் ‘மியூசியம்’ என்றே சொல்கிறார்கள். நகரின் நடுவே சுமார் 55 ஏக்கர். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1857-ல் அருங்காட்சியகமும் 1859-ல் மிருகக்காட்சி சாலையும் தொடங்கின. இந்தியாவின் மிகப் பழைய மிருகக்காட்சி சாலைகளில் இதுவும் ஒன்று. இப்போது நிற்கும் நேப்பியர் மியூசியம் 1880-ல் முடிந்தது. சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு. வடிவமைத்தவர் சென்னையில் பல அரசுக் கட்டிடங்களை எழுப்பிய ராபர்ட் சிஷோம். சிவப்பும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும் சுவரும் கூரான ஓட்டுக் கூரைகளுமாக அது குழந்தையின் கண்ணுக்குப் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கிறது.

வளாகத்தின் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. விடியற்காலையில் அது ஓய்வுபெற்ற அதிகாரிகளின் நடைபாதை. மாலையில் தள்ளுவண்டிக் குழந்தைகளின் ராஜ்ஜியம். நடுவே பழைய பாண்டு வாத்திய மேடை. அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவதே சில குழந்தைகளுக்கு முழு நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கி உள்ளே போகவேண்டியது மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் ஓவியக் கூடத்துக்கும்தான். திங்கட்கிழமை இவை மூடியிருக்கும். தெரியாமல் வந்து, பூட்டிய கேட்டின் முன் குழந்தையைச் சமாதானப்படுத்தும் குடும்பங்களை எந்தத் திங்களிலும் பார்க்கலாம்.

மிருகக்காட்சி சாலை சமதளம் அல்ல. ஏற்றமும் இறக்கமும், நடுவில் ஒரு குளமும், நூறாண்டு தாண்டிய மரங்களும் கொண்ட காடு போன்ற தோட்டம். முழுக்கச் சுற்ற ஆசைப்படும் பெற்றோர் பாதியில் குழந்தையைச் சுமக்க நேரும். அனுபவசாலிகள் ஒரு வரவில் நாலைந்து விலங்குகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சின்னக் குழந்தைகளிடம் எப்போதும் செல்வாக்குள்ளது நீர்யானை. அது பெரியது, மெதுவானது, தண்ணீரில் மூழ்கித் திரும்ப வருவது. கண்ணாமூச்சி ஆடுவதற்கு இதைவிடத் தோதான விலங்கு கிடையாது. குரங்குகளுக்கு இரண்டாமிடம். 2014-ல் இலங்கையின் தெகிவளை மிருகக்காட்சி சாலையிலிருந்து இங்கே அனகோண்டாக்கள் வந்தபோது நகரமே திரண்டு போய்ப் பார்த்தது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் அசையாத பாம்பு ஒரு பழைய கயிறாகவே தெரிந்திருக்கும்.

2023 ஜூனில் திருப்பதியிலிருந்து வந்த ஒரு பெண் அனுமன் குரங்கு கூண்டு திறந்ததும் தப்பியது. மூன்று வாரத்துக்கும் மேல் நகரின் மரங்களில் தாவித் திரிந்து, கடைசியில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மையம் ஒன்றில் பிடிபட்டது. ஊழியர்கள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலியோடு அலைந்த அந்த நாட்களில், டிக்கெட் இல்லாமல் விலங்கைப் பார்த்த குழந்தைகள் நிறைய.

வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடம் 1935-ல் திறந்தது. ராஜா ரவிவர்மாவின் புகழ்பெற்ற ஓவியங்கள் இந்த வளாகத்தின் சொத்து. அவற்றுக்கென்றே 2023-ல் தனிக் கட்டிடம் வந்தது. ஓவியக் கூடமும் கைக்குழந்தையும் ஒத்துப்போகாது என்று எண்ணுபவர்கள் அன்னத்தோடு நிற்கும் தமயந்தியை மறந்துவிடுகிறார்கள். தமயந்தியின் ஏக்கம் புரியாவிட்டாலும் வாத்து புரியும். பத்து நிமிடம் போதும். அதற்குமேல் குழந்தையின் குரல் கூடத்தில் எதிரொலிக்கத் தொடங்கும். காவலாளியின் புருவமும் உயரும்.

மியூசியத்துக்குப் பக்கத்திலேயே கனகக்குன்னு அரண்மனை. ஸ்ரீமூலம் திருநாள் காலத்து விருந்தினர் மாளிகை, இப்போது சுற்றுலாத் துறையின் கையில். அரண்மனையைவிட அதைச் சுற்றியுள்ள புல்சரிவுதான் குழந்தைகளுக்கு முக்கியம். உருண்டாலும் அடிபடாது. ஓணம் வாரத்தில் மரமெல்லாம் விளக்கு, மேடையெல்லாம் மேளம். ஆனால் அந்த வாரத்துக் கூட்டத்தில் சின்னக் குழந்தையின் கண்ணுக்குத் தெரிவது மற்றவர்களின் முழங்கால்கள் மட்டுமே. தோளில் தூக்கிக்கொள்ளத் தெம்புள்ள அப்பாக்களுக்கு மட்டும் ஓணவிழா உகந்தது.

மணிக்கூண்டும் காபி ஹவுஸும்

நகரின் இன்னொரு முனை கிழக்கே கோட்டை. பத்மநாப சுவாமி கோயிலுக்குள் கைக்குழந்தையோடு போவது பக்தியோடு பொறுமையையும் சோதிக்கும். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குச் சேலை போன்ற மரபு உடை, செல்போன் கூடாது, நீண்ட வரிசை. தரிசனம் வேண்டுவோர் பெரியவர்கள் முறைவைத்துப் போகலாம். வெளியே காத்திருப்பவருக்குக் குழந்தையை மகிழ்விக்க நிறைய இருக்கிறது.

பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே பழைய மாளிகை ஒன்றின் முகப்பில் ‘மேத்தன் மணி’ என்ற கடிகாரம். அதன் மேலே தாடிக்கார மனிதனின் முகம், இரு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும். கடாக்கள் ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முட்டும். 19-ஆம் நூற்றாண்டின் இந்தப் பொம்மை வேலையைத் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். நல்ல பகலில், மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் நிற்பது உத்தமம். ஒரு தடவை பார்த்த குழந்தை இன்னொரு தடவை கேட்கும். அதற்கு ஒரு மணிநேரம் காத்திருக்கவேண்டும் என்பதை விளக்குவது பெற்றோர் பாடு.

பக்கத்தில் குதிரமாளிகை. சுவாதித் திருநாள் கட்டிய இந்த அரண்மனையின் கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள். எண்ணத் தெரியாத வயதில் ‘குதிரை, குதிரை’ என்று சொல்லிக்கொண்டே நடக்கலாம். இதற்கும் டிக்கெட் உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. கோட்டை வாசலுக்கு அந்தப் பக்கம் பழவங்காடி கணபதி கோயிலில் நாளெல்லாம் தேங்காய் சிதறுகிறது. ராணுவம் பராமரிக்கும் இந்தக் கோயிலில் சிதறுகாய்தான் முக்கிய நேர்ச்சை. வீட்டில் எதை உடைத்தாலும் அடி வாங்கும் வயதினருக்கு, பெரியவர்கள் வரிசையில் நின்று தேங்காயை வீசி உடைப்பதைப் போன்ற நல்ல காட்சி வேறில்லை.

கோட்டை வாசலிலிருந்து நீளும் சாலைக் கடைத்தெரு, திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சந்தை. இங்கே தமிழ் கேட்காமல் நூறடி நடப்பது கஷ்டம். தமிழ் எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை வைத்திருந்தார். கடைத்தெருவின் சுமைகாரர்களையும் சில்லறை மனிதர்களையும் கதைகளாக்கினார். 2015-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அவர் 2021 ஜனவரியில் காலமானார். வாசகப் பெற்றோருக்கு அவர் நினைவு. குழந்தைக்கு ஊதல், பந்து, பிளாஸ்டிக் லாரி. மாலில் வாங்கும் ஒரு பொம்மையின் விலையில் இங்கே ஒரு பை நிறைய வாங்கலாம். ஒரே நிபந்தனை, காலையிலேயே போய்விட வேண்டும். மாலை நெரிசலில் குழந்தையின் கையும் பர்ஸும் ஒருசேரப் பத்திரமாக இருப்பது அரிது.

சாப்பாட்டுக்கு மீண்டும் தம்பானூர். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையத்தை ஒட்டி, சிவப்புச் செங்கல்லில் திருகாணி போல மேலேறும் வட்டக் கட்டிடம் இந்தியன் காபி ஹவுஸ். மலிவுக் கட்டிடக் கலையையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட லாரி பேக்கரின் (1917-2007) வடிவமைப்பு. உள்ளே படிக்கட்டு கிடையாது. தரையே சுழன்று சுழன்று உயரும் சரிவு. அதன் ஓரமாக, சுவரோடு கட்டிய மேசைகளும் இருக்கைகளும். செங்கல் இடைவெளிகள் வழியாக வெளிச்சமும் காற்றும் பஸ் சத்தமும் வருகின்றன. பேக்கர் இதைக் குழந்தைகளை நினைத்துக் கட்டினாரோ என்னவோ, நடக்கத் தொடங்கிய வயதுக்கு ஏற்ற ஹோட்டல் நகரில் இதுதான். கீழே விழ நாற்காலி இல்லை. ஏறி இறங்கச் சரிவு உண்டு. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள் தட்டுகளோடு குழந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறார்கள். மசால் தோசைக்குள் சிவந்திருக்கும் பீட்ரூட்டைப் பார்த்து முதன்முறை வரும் தமிழர்கள் திகைக்கலாம். குழந்தைகள் திகைப்பதில்லை.

வேறு எங்கே சாப்பிட்டாலும் கேரள ஹோட்டல்களில் ஒரு வசதி உண்டு. கேட்டால் கொதிக்கவைத்த நீர் கிடைக்கும். பல இடங்களில் கேட்காமலே, பதிமுகம் போட்டு இளஞ்சிவப்பாக. டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் அவித்த ஏத்தம்பழம் இருக்கும். புட்டும் பழமும் பிசைந்தால் அது ஒரு நேரச் சாப்பாடு. குழந்தை உணவு என்று டப்பாவில் வாங்கி வரவேண்டிய அவசியம் இந்த ஊரில் குறைவு.

விமானம் பார்க்கும் கடற்கரை

நகரிலிருந்து மேற்கே போனால் சங்குமுகம். உலகில் பல விமான நிலையங்கள் கடலோரத்தில் உண்டு. ஆனால் இவ்வளவு பக்கத்தில் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடி, தலைக்குமேல் இறங்கும் விமானத்தின் சக்கரத்தைப் பார்க்கும் வாய்ப்பு சில இடங்களில்தான். 1932-ல் தொடங்கிய விமான நிலையம் இது. பத்மநாப சுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் வருடத்துக்கு இருமுறை இதன் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்கு வருகிறது. அந்தச் சில மணிநேரம் விமானங்கள் காத்திருக்கும்.

கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமனின் கடற்கன்னி சாய்ந்து படுத்திருக்கிறாள். காசர்கோட்டைச் சேர்ந்த இவர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். மலம்புழா அணைத் தோட்டத்தின் யட்சியும் இவர் கைவண்ணம். உலகின் மிகப் பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்று 2022-ல் கின்னஸ் அங்கீகாரம் கிடைத்தது. விமர்சகர்கள் அதன் அழகியலைப் பேச, குழந்தைகள் அதன் வாலைப் பார்க்கிறார்கள். அருகிலேயே சாலை விதிகளை விளையாட்டாகக் கற்பிக்கும் போக்குவரத்துப் பூங்கா.

ஆனால் சங்குமுகம் பழைய சங்குமுகம் அல்ல. மழைக்காலத்தில் கடல் மணலை வாரிக்கொண்டு போவதும் பின்னர் திருப்பித் தருவதும் இந்தக் கரையின் இயல்பு. 2017 நவம்பரில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு கொண்டுபோவது அதிகமாகி, திருப்பித் தருவது குறைந்தது. 2021 மே மாதம் தவ்தே புயலின்போது விமான நிலையத்துக்குச் செல்லும் கரையோரச் சாலையே இடிந்து கடலில் சரிந்தது. பின்னர் கான்கிரீட் சுவர் எழுப்பிச் சாலையை மீட்டார்கள். மணலை அப்படி மீட்க முடியவில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் ஓடி விளையாடிய அகன்ற மணல்வெளி சில மாதங்களில் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடுகிறது. நகரத்தின் மிகப் பெரிய இலவச விளையாட்டு மைதானம் இது என்பதால், கரை அரிப்பு மீனவர்களின் துயரமாக மட்டும் நின்றுவிடவில்லை. அலை இங்கே கரையிலேயே மடங்கி அடிக்கும். கால் நனைக்கும் குழந்தையின் கையை ஒரு கணமும் விடக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர்ப் பக்கமே போகாமலிருப்பது நல்லது. கோவளத்துக்கும் இதே எச்சரிக்கை.

இன்னும் கொஞ்சம் வடக்கே வேளி. காயலும் கடலும் ஒரு மணல்திட்டால் பிரியும் பொழிமுகம். குழந்தைகளுக்கு அலையில்லாத தண்ணீர் வேண்டுமென்றால் வேளிதான். புல்வெளிகளில் கானாயியின் சிற்பங்கள், காயலில் படகு, மிதக்கும் ஹோட்டல். 2020 நவம்பரில் சூரிய சக்தியில் ஓடும் குட்டி ரயில் ஒன்றும் வந்தது. பழைய நீராவி எஞ்சின் தோற்றம், செயற்கைப் புகை, 2.5 கிலோமீட்டர் பாதை, ஒரே நேரத்தில் 45 பேர். ரயில் பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. ஆகவே ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு, பிறகு குழந்தையிடம் ரயில் என்ற சொல்லை உச்சரிப்பது விவேகம்.

ஒரு நாளுக்கு மேல் இருப்பவர்கள் ஊருக்கு வெளியே போகலாம். நகரிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில் கோட்டூர் காப்புக்காடு. கைவிடப்பட்ட, தாயை இழந்த யானைக்குட்டிகளையும் வயதான யானைகளையும் வனத்துறை பராமரிக்கும் மையம். காலையில் போனால் யானைகள் குளிப்பதைப் பார்க்கலாம். குளிக்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு அது நல்ல முன்மாதிரி. வழியில் நெய்யாறு அணையும் அங்கே ஒரு முதலைப் பண்ணையும் உண்டு. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் நெய்யாறு சிங்க சஃபாரியை மட்டும் நம்பிப் போகவேண்டாம். அங்கே சிங்கங்கள் இல்லை. பொன்முடி அழகுதான். ஆனால் 22 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் குழந்தையோடு அழகை ரசித்தவர் இதுவரை யாருமில்லை.

காத்திருக்கும் நேரம்

தென்தமிழகத்துக் குழந்தைகள் பலருக்குத் திருவனந்தபுரம் வரக் காரணமே வேறு. 1952-ல் திறந்த எஸ்.ஏ.டி. மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. ஆறு வயதில் இறந்த திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக எழுந்தது அது. அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் ஸ்ரீ சித்ரா மையம். விலை குறைந்த இதய வால்வை இங்கே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1981-ல் தொடங்கிய வட்டாரப் புற்றுநோய் மையமும் இங்கேதான். இந்த மூன்று வாசல்களிலும் நாகர்கோவில் தமிழும் நெல்லைத் தமிழும் கேட்காத நாள் இல்லை.

கேரளம் குழந்தைகளைக் காப்பாற்றுவதில் தேர்ந்த மாநிலம். 2023-க்கான மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, இங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 5 பேர். இந்திய சராசரி 25. எல்லை தாண்டி ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் நம்பிக்கைக்குக் காரணம் இந்த மருத்துவ வளர்ச்சிதான்.

ஆனால் சிகிச்சை என்பது பெரும்பாலும் காத்திருப்பது. இன்று ரத்தம் எடுத்தால் நாளை முடிவு. ஸ்கேன் மதியம் என்றால் டாக்டரைப் பார்ப்பது மறுநாள். லாட்ஜ் அறை சின்னது. நோயாளிக் குழந்தையோடு, வீட்டில் விட்டுவர ஆளில்லாத தங்கையோ தம்பியோ கூடவே வந்திருக்கும். பெற்றோர் முகத்தில் இருக்கும் கவலையைப் படிக்க அந்த வயதுக்குத் தெரியும். காரணம் மட்டும் தெரியாது. அப்படிப்பட்ட மதியங்களில் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மியூசியம் தோட்டம் செய்வதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதமுடியாது. டிக்கெட் கேட்காத புல்தரை, யாரும் விரட்டாத பெஞ்சு, ஓடினால் கண்ணுக்குத் தெரியும் தூரம். பையனின் அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்த பணத்தில் கைவைக்காமல் அவனைச் சிரிக்கவைக்க முடிகிறது என்பது ஒரு தாய்க்குச் சின்ன விஷயமல்ல.

ஐ.நா. சபை 1989-ல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. உரிமை என்றால் காசு இல்லாதவருக்கும் கிடைக்கவேண்டும். அதை நிறைவேற்றும் வேலையை இங்கே ஒரு பழைய தோட்டமும் ஒரு தேயும் கடற்கரையும் சத்தமில்லாமல் செய்துவருகின்றன.

சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். கூட்டமும் விலங்குகளும் தூசியும் அப்போது ஆகாது. டாக்டரைக் கேட்காமல் எங்கும் அழைத்துச் செல்லக்கூடாது. அவர் சரி என்றால், கூட்டமில்லாத வார நாளின் காலைநேரத் தோட்டம் போதும்.

செலவுக் கணக்கு

நகரில் போட்டியாளர்கள் இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஆக்குளம் அருகே திறந்த லூலூ மால் அந்தப் பகுதிப் போக்குவரத்தையே மாற்றியது. ஜூன் மாத மழையில் மாலைக் குறை சொல்ல முடியாது. உள்ளே நுழையக் காசு இல்லை, குளிர்ச்சி உண்டு, தரை வழுவழுவென்று இருக்கிறது. ஆனால் விளையாட்டுக் கூடத்தின் வாசலில் குழந்தை நின்றுவிட்டால் பர்ஸ் திறந்தே ஆகவேண்டும். மணிக்கணக்கில் காசு வாங்கும் விளையாட்டு ஒரு நாள் செலவாக இருக்கலாம். வாராவாரம் போக மாதச் சம்பளம் இடம் தராது. அதோடு, நடுத்தரக் குடும்பங்கள் மாலுக்கு மாறிவிட்டால் பூங்காவின் உடைந்த ஊஞ்சலைப் பற்றிப் புகார் செய்ய ஆள் இருக்காது. பொது இடங்கள் பெரும்பாலும் அப்படித்தான் தேய்கின்றன.

குறைகள் இப்போதே கண்ணுக்குத் தெரிகின்றன. நடைபாதைகளில் தள்ளுவண்டியைத் தள்ளுவது சர்க்கஸ். அதைவிடத் துணித் தூளியோ இடுப்போ மேல். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் தெருநாய்கள் அதிகம். கையில் பிஸ்கெட் வைத்திருக்கும் குழந்தையை அவற்றின் பக்கம் விடக்கூடாது. சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறதோ அங்கே போய்க்கொள்வதே புத்திசாலித்தனம், அடுத்த இடத்தை நம்பக்கூடாது.

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு, தனி இருக்கை கேட்காதவரை, டிக்கெட் வேண்டாம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் இதய அறுவைச் சிகிச்சைக்கும் போகும் நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழை மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்குள் ஆட்டோவைவிட பஸ் மலிவு; ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதுவே குழந்தைக்கு ஒரு சுற்றுலா. கே.எஸ்.ஆர்.டி.சி. 2022-ல் மேல்தளம் திறந்த இரட்டை அடுக்கு பஸ்ஸை நகர் சுற்றிக் காட்ட இறக்கியது. 2024-ல் மின்சார பஸ்களும் சேர்ந்தன. குழந்தையோடு போவதென்றால் வெயில் தாழ்ந்த பிறகே மேல்தளம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலும் மழையும் கொஞ்சம் கருணை காட்டும். காலை ஒன்பது மணிக்கு மிருகக்காட்சி சாலை, பதினொன்றரைக்குக் காபி ஹவுஸ், மதியம் தூக்கம், மாலை சங்குமுகத்தில் விமானம். ஒரு நாளுக்கு இது தாராளம். பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கும் ஆசை பெற்றோருடையது. குழந்தைகள் அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் அதே நீர்யானையை இன்னொரு தடவை.

மாலை ரயிலுக்குத் தம்பானூர் பிளாட்பாரம் மறுபடியும் நிறைகிறது. காலையில் பார்த்த அதே டிபன் கேரியர்கள், இப்போது காலியாக. தோளில் அதே குழந்தைகள், இப்போது மணல் ஒட்டிய கால்களோடு. பிளாஸ்டிக் உறை ஃபைல்களில் இன்னும் சில தாள்கள் கூடியிருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அப்பாக்கள் ரயில் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்கிறார்கள். அடுத்து வரவேண்டிய தேதியும் அதில் இருக்கிறது. குழந்தையின் கணக்கில் அது நீர்யானையை மறுபடி பார்க்கும் நாள்.